வீடியோ நாடா கற்பித்த பாடம்

(பத்தாம் வகுப்பு 'அ' பிரிவு மாணவி)



வகுப்பில் என் தோழியர் என்னைக் "கருவிப் பைத்தியம்" என்று அழைப்பது வழக்கம். புதிய கைப்பேசி ஒன்று கடைக்கு வந்துவிட்டால் அதன் விலை, நினைவகம், கேமரா ஆகிய அனைத்தையும் மனப்பாடச் செய்யுள்போல் ஒப்பித்துவிடுவேன். திரைப்படம் பார்த்துவிட்டு வந்தாலும் கதையை விட்டுவிட்டு, திரையின் அகலத்தையும் ஒலிபெருக்கிகளின் எண்ணிக்கையையும் பற்றித்தான் பேசுவேன். "இரண்டில் எந்தக் கருவி சிறந்தது?" என்று எவரேனும் கேட்டால், எண்களை ஒப்பிட்டு உடனே தீர்ப்புக் கூறிவிடுவேன். சென்ற கோடை விடுமுறையில் எங்கள் வீட்டில் நடந்த ஒரு நிகழ்ச்சி அந்தப் பழக்கத்தை மாற்றியது. அதன் வாயிலாக நான் கற்ற பாடத்தை நம் ஆண்டு மலரில் எழுத விரும்புகிறேன்.

பரணில் கிடைத்த நாடா

வீட்டிற்கு வெள்ளையடிப்பதற்காகப் பரணில் இருந்த பொருள்களை இறக்கியபோது, பழைய பித்தளைக் குடத்திற்குள் கறுப்பு நிறப் பெட்டி ஒன்று கிடைத்தது. நீள்சதுர வடிவில், ஒரு சிறிய புத்தகத்தின் அளவில் இருந்தது. அதன்மேல் ஒட்டியிருந்த தாளில் அத்தையின் திருமணம், 1992 என்று தாத்தாவின் கையெழுத்து. அது ஒரு வீடியோ நாடா.

அப்பா அதைக் கையில் வாங்கியவர் நெடுநேரம் கீழே வைக்கவில்லை. காரணம் எனக்குப் பிறகுதான் விளங்கியது. எங்கள் அப்பாயி 1998ஆம் ஆண்டு காலமானார்கள். நான் பிறப்பதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பு. அவர்களுடைய நிழற்படங்கள் இரண்டே வீட்டில் உள்ளன. இரண்டிலும் அசையாமல் நிற்கிறார்கள். அவர்கள் எப்படி நடப்பார்கள், எப்படிச் சிரிப்பார்கள், குரல் எப்படி இருக்கும் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. அந்தக் கறுப்புப் பெட்டிக்குள் இவையெல்லாம் இருக்கக்கூடும். ஆனால் அதைப் போட்டுப் பார்க்கும் கருவி எங்கள் வீட்டில் இல்லை. பத்து ஆண்டுகளுக்கு முன்பே பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டது என்றார் தாத்தா.

நாடாவைப் பார்க்க வழி தேடிய அந்த நாள்களில்தான் அது எவ்வாறு தோன்றியது, எவ்வாறு இயங்குகிறது என்பதை நான் படித்து அறிந்தேன்.

டெக் வந்த காலம்

காட்சியை நாடாவில் பதிவு செய்யும் கருவியை அமெரிக்காவின் ஆம்பெக்ஸ் நிறுவனம் 1956ஆம் ஆண்டு மக்கள்முன் வைத்தது. அதன் விலை ஏறக்குறைய 50,000 டாலர். தொலைக்காட்சி நிலையங்களால் மட்டுமே அதை வாங்க முடிந்தது. வீடுகளுக்கு ஏற்ற கருவிகள் பரவ மேலும் இருபது ஆண்டுகள் ஆயின. ஜப்பானின் சோனி நிறுவனம் 1975இல் பீட்டாமாக்ஸ் என்னும் கருவியையும், ஜே.வி.சி. நிறுவனம் 1976இல் வி.எச்.எஸ். என்னும் கருவியையும் வெளியிட்டன.

நம் நாட்டில் 1982ஆம் ஆண்டு டெல்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டிகள் நடந்தபோது வண்ணத் தொலைக்காட்சி வந்தது. அதையொட்டிய ஆண்டுகளில் வீடியோ கருவியும் ஊர்களில் பரவியது. தமிழ்நாட்டில் அதற்கு மக்கள் வைத்த பெயர் 'டெக்'. சொந்தமாக வாங்கியவர் சிலரே. பலர் டெக்கையும் வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டியையும் சேர்த்து ஓர் இரவுக்கு வாடகைக்கு எடுத்தனர். "தெருவே பாய் விரித்து உட்கார்ந்துவிடும். விடிவதற்குள் மூன்று படம் பார்த்துவிடுவோம். கொடுத்த வாடகை வீணாகக் கூடாதல்லவா!" என்று தாத்தா சிரித்துக்கொண்டே கூறினார். திரையரங்கிற்குச் செல்ல முடியாத முதியவர்களும் கைக்குழந்தை வைத்திருந்த தாய்மார்களும் அன்று வாசலிலேயே படம் பார்த்தனர். படத்தை நாம் தேடிச் சென்ற காலம் போய், படம் நம்மைத் தேடி வந்த காலம் அது.

சாய்ந்த கோடுகளின் விந்தை

இனி நாடா இயங்கும் விதத்தைக் காண்போம். பிளாஸ்டிக் பட்டை ஒன்றின்மேல் மிக நுண்ணிய காந்தத் துகள்கள் பூசப்பட்டிருக்கின்றன. 'ஹெட்' எனப்படும் சிறு மின்காந்தம் அதைத் தொட்டுக்கொண்டு செல்லும்போது, மின்சாரத்தின் ஏற்ற இறக்கத்திற்கு ஏற்பத் துகள்கள் காந்தமாகின்றன. மீண்டும் ஓட்டும்போது அந்தக் காந்தப் பதிவு மின்சாரமாக மாறுகிறது. பாட்டுக் கேட்கும் ஒலி நாடாவுக்கும் இதே முறைதான்.

ஆனால் ஒலியைப் பதிவது எளிது. காட்சியைப் பதிவது கடினம். மனிதச் செவி கேட்கும் ஒலி நொடிக்கு 20,000 அதிர்வுகளுக்கு உட்பட்டது. தொலைக்காட்சிப் படத்தின் மின்னலைகளோ நொடிக்குப் பல இலட்சம் முறை மாறுகின்றன. அவ்வளவு விரைவான மாற்றங்களைப் பதிய வேண்டுமானால் நாடா ஹெட்டைக் கடந்து மிக வேகமாக ஓட வேண்டும். வி.எச்.எஸ். முறையில் தேவைப்படும் வேகம் நொடிக்கு ஏறக்குறைய 4.85 மீட்டர். அப்படியானால் மூன்று மணி நேரப் படத்திற்கு எவ்வளவு நாடா வேண்டும்? மூன்று மணி நேரம் என்பது 10,800 நொடிகள். 4.85ஆல் பெருக்கினால் 52 கிலோமீட்டருக்கு மேல் வருகிறது. திருச்சியிலிருந்து நாடாவைப் பிரித்துக்கொண்டே சென்றால் தஞ்சாவூரை நெருங்கிவிடலாம்! உண்மையில் மூன்று மணி நேர நாடாவின் நீளம் 260 மீட்டருக்கும் குறைவு. இது எப்படி இயலும்?

இங்கேதான் பொறியாளர்களின் அறிவுத்திறன் வெளிப்படுகிறது. நாடாவை வேகமாக ஓட்டுவதற்குப் பதிலாக அவர்கள் ஹெட்டைச் சுழலச் செய்தனர். டெக்கின் உள்ளே 62 மில்லிமீட்டர் விட்டமுள்ள உருளை ஒன்று சற்றே சாய்வாக இருக்கிறது. அதன் எதிரெதிர்ப் பக்கங்களில் இரண்டு ஹெட்டுகள் பொருத்தப்பட்டுள்ளன. நம் நாட்டு முறைப்படி உருளை நொடிக்கு 25 முறை சுழல்கிறது. நாடாவோ நொடிக்கு 2.34 சென்டிமீட்டர்தான் நகர்கிறது. அதாவது ஒலி நாடாவின் வேகத்தில் பாதி. உருளை சாய்ந்திருப்பதால் ஒவ்வொரு ஹெட்டும் நாடாவின்மேல் ஏறக்குறைய பத்து சென்டிமீட்டர் நீளமுள்ள சாய்ந்த கோடு ஒன்றை வரைந்து செல்கிறது. நொடிக்கு 50 கோடுகள். ஒரு கோட்டின் அகலம் ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்குதான். ஆகவேதான் சிறு தூசு விழுந்தாலும் படத்தில் வெள்ளைக் கோடுகள் ஓடின. படத்தை நீண்ட நேரம் நிறுத்தி வைத்தால் நாடா தேய்ந்ததும் இதனால்தான். நாடா நின்றாலும் உருளை அதே இடத்தை உரசிக்கொண்டே சுழலும்.

ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள், தோழியரே. சாய்ந்த கோடுகளில் பதிந்தது காட்சிதான். பெரும்பாலான டெக்குகளில் ஒலி, நாடாவின் ஓரத்தில் தனியே ஒரு நேர்கோட்டில் பதிந்தது. ஆகவே காட்சியைத் தொடாமலே ஒலியை மட்டும் அழித்து வேறு ஒலியைப் பதிய முடிந்தது. இச்செய்தியின் தேவை பின்னால் வரும்.

இரு கருவிகளின் போட்டி

பீட்டாமாக்ஸ், வி.எச்.எஸ். ஆகிய இரண்டும் அரை அங்குல அகல நாடாவையே பயன்படுத்தின. ஆனால் ஒன்றின் நாடா மற்றொன்றில் ஓடாது. இரண்டில் பீட்டாமாக்ஸ் நாடாப் பெட்டி சிறியது. படமும் சற்றுத் தெளிவானது என்று பலர் கூறினர். எண்களை மட்டும் பார்த்திருந்தால் நானும் அதற்கே பரிசு கொடுத்திருப்பேன்.

ஆனால் முதலில் வந்த பீட்டாமாக்ஸ் நாடாவில் ஒரு மணி நேரமே பதிய முடிந்தது. முதல் வி.எச்.எஸ். நாடாவில் இரண்டு மணி நேரம் பதிய முடிந்தது. நாம் எல்லோரும் அறிந்த 'தி சவுண்ட் ஆஃப் மியூசிக்' திரைப்படத்தையே எடுத்துக்கொள்வோம். 1965இல் வெளிவந்த அப்படம் 174 நிமிடம் ஓடக்கூடியது. ஒரு மணி நேர நாடாவாக இருந்தால் மூன்று வேண்டும். இரண்டு மணி நேர நாடாவாக இருந்தால் இரண்டு போதும். நம் நாட்டிலும் புழங்கிய மூன்று மணி நேர வி.எச்.எஸ். நாடாவாக இருந்தால் ஒன்றே போதும். படத்தின் நடுவே எழுந்து சென்று நாடாவை மாற்ற எவருக்குத்தான் விருப்பம் இருக்கும்?

இந்த வேறுபாடு தற்செயலாக ஏற்பட்டதன்று. ஜே.வி.சி. நிறுவனத்தில் ஷிசுவோ தகானோ, யூமா ஷிராய்ஷி ஆகிய பொறியாளர்களின் குழு, கருவியைச் செய்யத் தொடங்குமுன் 1971ஆம் ஆண்டின் இறுதியில் பன்னிரண்டு குறிக்கோள்களை ஒரு தாளில் எழுதி வைத்தது. சாதாரணத் தொலைக்காட்சிப் பெட்டியுடன் அது இணைய வேண்டும். இரண்டு மணி நேரமாவது பதிய வேண்டும். ஓர் இயந்திரத்தில் பதிந்த நாடா மற்றோர் இயந்திரத்திலும் ஓட வேண்டும். இயக்குவது எளிதாக இருக்க வேண்டும். விலையும் பழுது பார்க்கும் செலவும் குறைவாக இருக்க வேண்டும். இவையெல்லாம் அந்தப் பட்டியலில் இருந்தன. வீட்டில் இருப்பவர்களுக்கு எது தேவை என்பதை முதலில் எண்ணிப் பார்த்து, அதற்கேற்ற கருவியை அவர்கள் செய்தனர். செய்ததைத் தமக்குள்ளேயே வைத்துக்கொள்ளாமல் ஹிட்டாச்சி, ஷார்ப், மிட்சுபிஷி, மட்சுஷிட்டா போன்ற பிற நிறுவனங்களும் அதே முறையில் கருவிகள் செய்ய வழிவிட்டனர். தகானோவின் முயற்சி பற்றி ஜப்பானில் 2002ஆம் ஆண்டு ஒரு திரைப்படமே வெளிவந்தது.

சோனியும் வாளாவிருக்கவில்லை. பதியும் நேரத்தைப் பின்னர் நீட்டித்தது. ஆனால் அமெரிக்காவில் 1977லேயே நான்கு மணி நேரம் பதியும் வி.எச்.எஸ். கருவி வந்துவிட்டது. வாடகைக் கடைகளில் வி.எச்.எஸ். நாடாக்கள் மிகுந்தன. நாடாக்கள் மிகுந்ததால் மேலும் பலர் அக்கருவியையே வாங்கினர். இறுதியில் 1988இல் சோனி நிறுவனமே வி.எச்.எஸ். கருவிகளைச் செய்யத் தொடங்கியது.

நீதிமன்றம் சென்ற கருவி

இக்கருவியைக் கண்டு திரைப்பட நிறுவனங்கள் அஞ்சின. யுனிவர்சல், டிஸ்னி ஆகிய நிறுவனங்கள் 1976ஆம் ஆண்டு சோனியின்மீது வழக்குத் தொடுத்தன. தொலைக்காட்சியில் வரும் படத்தை வீட்டில் பதிவு செய்வது தங்கள் உரிமையைப் பறிப்பதாகும் என்பது அவர்கள் வாதம். குழந்தைகள் நிகழ்ச்சி நடத்திய பிரெட் ராஜர்ஸ் என்பவர், தம் நிகழ்ச்சியைக் குடும்பங்கள் பதிந்து வைத்து வசதியான நேரத்தில் பார்ப்பதில் தமக்குத் தடையில்லை என்று சாட்சி கூறினார். 1984ஆம் ஆண்டு ஜனவரி 17ஆம் நாள் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளில் ஐவர் சோனியின் பக்கமும் நால்வர் எதிர்ப்பக்கமும் நின்றனர். பின்னர் பார்ப்பதற்காக வீட்டில் பதிவு செய்வது குற்றமாகாது என்று தீர்ப்பாயிற்று. ஒரே ஒரு நீதிபதி மாறியிருந்தால் தீர்ப்பும் மாறியிருக்கும்! பிற்காலத்தில் வீடியோ நாடா விற்பனையாலும் வாடகையாலும் அதே திரைப்பட நிறுவனங்கள் பெரும்பொருள் ஈட்டின.

நாணயத்தின் மறுபக்கத்தையும் கூற வேண்டும். புதிய படங்களைத் திருட்டுத்தனமாகப் பதிந்து விற்றவர்கள் எல்லா நாடுகளிலும் இருந்தனர். நம் நாட்டில் இதைத் தடுக்க 1984ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்த வேண்டியதாயிற்று. ஒரே கருவி முதியவருக்குப் படம் காட்டவும் உதவியது, பிறர் உழைப்பைத் திருடவும் உதவியது.

நாடா சுழன்றது

இனி எங்கள் வீட்டு நாடாவுக்கு வருகிறேன். உலகில் டெக்குகளைச் செய்துவந்த கடைசி நிறுவனமான ஜப்பானின் பூனாய், 2016ஆம் ஆண்டு ஜூலையில் உற்பத்தியை நிறுத்திவிட்டது. ஆகவே புதிய டெக் வாங்க வழியில்லை. அப்பாவும் நானும் ஒரு கடைக்கு நாடாவை எடுத்துச் சென்றோம். அங்கிருந்தவர் திறந்துகூடப் பாராமல் டெக்கில் செருகினார். 'கிறீச்' என்று ஒலி கேட்டது. நாடா சிக்கிக்கொண்டது. வெளியே எடுத்தபோது ஒரு முழ நீளம் கசங்கியிருந்தது. அப்பா ஒன்றும் பேசவில்லை. பேருந்தில் திரும்பி வரும்போது நான் அழுதுவிட்டேன்.

பிறகு பலரிடம் விசாரித்து, முன்பு டெக் பழுது பார்த்த பெரியவர் ஒருவரைக் கண்டுபிடித்தோம். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பெட்டியின் சிறு சாளரத்தைப் பார்த்தார். "பூஞ்சை பிடிச்சிருக்கும்மா. இப்படியே ஓட்டினா நாடாவும் போகும், ஹெட்டும் போகும்" என்றார். நம் ஊரின் ஈரக் காற்றில் இது இயல்பாம். இரண்டு நாள்கள் உழைத்து, நாடாவைக் கையால் மெல்லச் சுற்றி, மெல்லிய துணியால் துடைத்து, வேறொரு பெட்டிக்கு மாற்றினார். பிறகு தம்மிடம் இருந்த டெக்கில் ஓட்டி, அதைக் கணினியில் பதிவு செய்தார். மூன்று மணி நேர நாடா கணினிக்கு மாற மூன்று மணி நேரம் ஆகும், அவசரப்படுத்த முடியாது. நாங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தோம்.

படம் ஆடிற்று, நிறம் மங்கியிருந்தது, ஆனால் தெரிந்தது. கோயில் வாசல், மாலைகள், அரைக்கால் சட்டையில் என் அப்பா! அதன்பின் கையில் தட்டுடன் பந்திக்கு நடுவே வேகமாக நடந்து வந்தார்கள் எங்கள் அப்பாயி. கேமராவைக் கண்டதும் புடவைத் தலைப்பால் வாயை மூடிச் சிரித்தார்கள். அத்தை சிரிப்பதும் அப்படியேதான்.

உதடுகள் அசைந்தன. ஆனால் குரல் கேட்கவில்லை. ஒரு திரைப்படப் பாடல்தான் கேட்டது. அக்காலத்தில் திருமண வீடியோ எடுத்தவர்கள் அழகுக்காகத் தொடக்கம் முதல் முடிவு வரை திரைப்படப் பாடல்களைச் சேர்த்துவிடுவார்களாம். கருவியால் குரலைப் பதிய முடியும், பதிந்தும் இருந்தது. அதன்மேல் பாட்டைப் போட்டு அழித்துவிட்டார்கள். அந்தப் பாடலை இன்றும் நூறு இடங்களில் கேட்கலாம். எங்கள் அப்பாயியின் குரலை எங்கே கேட்பது?

ஆயினும் ஓர் ஆறுதல் கிடைத்தது. ஒரு பாடல் முடிந்து அடுத்த பாடல் தொடங்குவதற்கு இடையில் சில நொடிகள் பந்தியின் இரைச்சல் அப்படியே இருந்தது. அதில் ஒரு பெண்குரல், "அந்த ஓரத்துல இருக்கிற பிள்ளைகளுக்கு வச்சாச்சா?" என்று கேட்டது. அப்பா சட்டென்று நிமிர்ந்தார். "அம்மா" என்றார். பெரியவர் எதுவும் கேட்காமல் நாடாவைப் பின்னோக்கி ஓட்டி, மறுபடியும் அந்த இடத்தைப் போட்டுக் காட்டினார்.

நான் இப்பொழுது கேட்கும் கேள்விகள்

அந்நிகழ்ச்சிக்குப் பிறகு எந்தக் கருவியைப் பார்த்தாலும் மூன்று கேள்விகள் கேட்கிறேன். நம் தேவை முழுவதற்கும் இது போதுமா? பழுதானால் சரிசெய்ய முடியுமா? நாம் இதில் வைத்ததை நாளை வேறொரு கருவிக்கு எடுத்துச் செல்ல முடியுமா? அண்மையில் என் சித்தப்பா புதிய கைப்பேசி வாங்குவது பற்றி என்னிடம் ஆலோசனை கேட்டபோது, கேமராவின் எண்களைக் கூறுவதற்கு முன் இக்கேள்விகளைத்தான் கேட்டேன். "நீ கடைக்காரரை விட மோசம்!" என்று அவர் சிரித்தார். ஆனால் பழுது பார்க்க எளிதான கைப்பேசியையே வாங்கினார்.

திரைப்படங்களைப் பற்றியும் என் கருத்து சற்று மாறியிருக்கிறது. இன்று இணையம் வழியாக எந்த நேரமும் படம் பார்க்கிறோம். மிக வசதிதான். ஆனால் அங்கே சந்தா கட்டிப் பார்க்கும் படம் நம்முடையதன்று. அவர்கள் எடுத்துவிட்டால் அதன்பின் அங்கே பார்க்க முடியாது. பிடித்த படம் போனாலும் பரவாயில்லை. வேறோர் இடத்தில் கிடைக்கலாம். நம் வீட்டுப் படங்கள் போனால் எங்கும் கிடைக்கமாட்டா.

ஆகவே பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பரணில் வீடியோ நாடா இருந்தால் இந்த ஆண்டே கீழே இறக்குங்கள். அறியாதவர் கையில் கொடுக்காமல், முதலில் பூஞ்சை இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். கணினிக்கு மாற்றி, ஒரே இடத்தில் வைக்காமல் இரண்டு இடங்களில் வையுங்கள்.

தோழியரே, உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். வீட்டில் தாத்தாவோ பாட்டியோ இருந்தால், அவர்கள் பேசுவதைக் கைப்பேசியில் பதிந்து வையுங்கள். கதை சொல்ல வேண்டும் என்றில்லை. கீரை ஆய்ந்துகொண்டே பேசினாலும் போதும். அதன்மேல் பாட்டு மட்டும் சேர்க்காதீர்கள். நான் சென்ற மாதம் தாத்தாவை அரை மணி நேரம் பதிந்தேன். டெக் வாடகைக்கு எடுத்த கதையை மறுபடியும் முழுவதும் கூறினார். நடுவில் இரண்டு முறை இருமினார். அதையும் நான் வெட்டவில்லை.